வீட்டில் முதலில் நடந்த தேர்வு

ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். "சார், குரூப் 4க்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிச்சீங்க?" குரூப் 4 என்பது இளநிலை உதவியாளர், தட்டச்சர் மாதிரியான அரசு வேலைகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிற தேர்வு. கேட்பது பெரும்பாலும் டிகிரி முடித்த பையன், பக்கத்தில் அவன் அப்பா நிற்பார். வேலையில் சேர்ந்த புதிதில் "பத்து மணி நேரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் இல்லை, சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். இப்போதெல்லாம் பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன். "நீ படிக்கிற நேரத்துல வீட்ல உன் வேலையை யாருப்பா பார்க்கிறாங்க?" பையன் முழிப்பான். அப்பா டீ கிளாஸையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

இந்தக் கேள்வி எனக்கே தோன்றுவதற்கு ஐந்தாறு வருடம் ஆனது.

எங்கள் வீடு சேலம் அம்மாபேட்டையில். முன்கட்டில் இரண்டு விசைத்தறி, பின்கட்டில் நாங்கள். தறி சொந்தம், பாவும் நூலும் முதலாளியுடையது, எங்களுக்குக் கூலி. அப்பா தறி ஓட்டுவார், அவர் சாப்பிடப் போனால் அம்மா நிற்பார், இரவில் நான் பார்ப்பேன், தங்கை தார் சுற்றுவாள். குறுக்கே ஓடுகிற ஊடை நூலைத் தார் என்கிற சின்னக் குச்சியில் சுற்றி, அதைத் தறியில் இழுத்து ஓடுகிற நாடாவுக்குத் தயாராக வைக்கிற வேலை அது. பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் தார் தீர்ந்தால் தறி நிற்கும், தறி நின்றால் கூலி நிற்கும்.

2016இல் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வேலைக்குப் போய் உட்கார்ந்தபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "யார் சொல்லி வந்தீங்க?" நான் யார் சொல்லியும் வரவில்லை. அதனால் வசூலுக்குப் போகிற வேலை கிடைத்தது. கணக்குப் பார்க்கிற வேலை வேறொருவருக்குப் போனது. அந்த வெறுப்பில் இருக்கும்போதுதான், 2017 கடைசியில், குரூப் 4 அறிவிப்பு வந்தது. கிராம நிர்வாக அலுவலர் பதவியையும் முதல் முறையாக அதிலேயே சேர்த்திருந்தார்கள். மொத்தம் 9,351 இடம். பத்தாம் வகுப்புத் தகுதி போதும், சிபாரிசு வேண்டாம், விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "பெரியவன் வேலையை விட்டுட்டுப் படிக்கட்டும்."

அதே வருடம்தான் தங்கை பிளஸ் டூ முடித்திருந்தாள். 1,200க்கு 1,063. நான் எடுத்தது 987. பி.காம். சேர வேண்டும் என்று விண்ணப்பம்கூட வாங்கி வைத்திருந்தாள். இரண்டு பேரும் வெளியே போனால் தாருக்கு ஆள் இல்லை. அவளைத் தொலைநிலைக் கல்வியில் சேர்த்துவிடலாம் என்று முடிவானது. யாரும் சண்டை போடவில்லை, யாரும் அழவில்லை. சாப்பிடும்போது பேசி, கை கழுவுவதற்குள் முடிந்துவிட்டது. தேர்வாணையம் நடத்தியதற்கு முன்பே எங்கள் வீட்டில் ஒரு தேர்வு நடந்து, ஒரே ஓர் இடத்துக்கு நான் தேர்வாகிவிட்டேன். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. புரிந்தது, வசதியாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

முதல் தவறு பணத்தில். அம்மா சீட்டு எடுத்து 15,000 ரூபாய் கொடுத்தார். ஒரு கோச்சிங் சென்டரில் கட்டினேன். வாசலில் பெரிய பேனர், வென்றவர்கள் படம். அங்கே கொடுத்த 'ஸ்பெஷல் மெட்டீரியல்' எல்லாம் பள்ளிப் பாடநூலின் ஜெராக்ஸ், ஆங்காங்கே எழுத்துப் பிழையோடு. அந்தப் பாடநூல்கள் அரசின் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. தெருவில் ஆறாவது படிக்கும் பிள்ளையிடம் கேட்டால் பழைய புத்தகம் அப்படியே வரும். பேனரில் இருந்த ஒரு அண்ணனைப் பிறகு நூலகத்தில் சந்தித்தேன். மூன்று சென்டரில் மாதிரித் தேர்வு மட்டும் எழுதினாராம். மூன்று பேனரிலும் அவர் முகம்.

பிறகு கோரிமேடு போனேன். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் வகுப்பு இலவசம். பாடம் எடுத்தவர்கள் அக்கறையாகவே எடுத்தார்கள். குறை ஒன்றுதான், நான் போனபோது வகுப்பு பகலில் நடந்தது. பகலில் யார் சும்மா இருக்க முடியுமோ அவர்களுக்கு அது இலவசம். எங்கள் வகுப்பில் சேர்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து முன் வரிசையில் உட்காருவாள். திரும்பிப் போகிற பஸ்ஸுக்காகக் கடைசி வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவாள். காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் அவள் இடம் காலியாகவே இருக்கும். கணக்கில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டி. அவளுக்கு நான் என்னுடைய நோட்டைக் கொடுத்ததும் உண்டு, கொடுக்காமல் மறைத்ததும் உண்டு. போட்டித் தேர்வு ஆளை அப்படி ஆக்கிவிடும்.

நாங்கள் மனப்பாடம் செய்த வரிகளில் ஒன்று: "ஐ.சி.எஸ். தேர்வில் வென்ற முதல் இந்தியர் சத்தியேந்திரநாத் தாகூர், 1863." வெள்ளைக்காரர் ஆட்சியின் உயர் அதிகாரிகளை எடுக்கிற அந்தத் தேர்வு லண்டனில் நடந்தது. இந்தியாவிலும் சேர்த்து நடத்த ஆரம்பித்தது 1922இல்தான். சட்டப்படி யார் வேண்டுமானாலும் எழுதலாம், கப்பல் ஏறிப் போக முடிந்தால். இதைப் படித்துவிட்டு, "எவ்வளவு அநியாயம்!" என்று வகுப்பில் பேசிக்கொண்டோம். பேசிக்கொண்டிருக்கும்போதே முன் வரிசைப் பெண் பஸ்ஸுக்கு எழுந்து போனாள். அம்மாபேட்டையில் என் தங்கை தார் சுற்றிக்கொண்டிருந்தாள். லண்டன் பக்கத்தில்தான் இருந்தது. எங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

2018 பிப்ரவரி 11 அன்று முதல் தேர்வு. 200 கேள்வி, மூன்று மணி நேரம், ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். எனக்கு நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் படித்தவன் நான். தேர்வு அறையின் அமைதி தாங்கவில்லை. பக்கத்து ஆள் பேனா மூடியைக் கழற்றுவதுகூடக் காதில் விழுந்து கவனம் சிதறியது. 127 கேள்வி சரி. அடுத்த முறை மாநகராட்சிப் பள்ளியில் படிப்பு சொல்லிக்கொடுத்த ஒரு அண்ணனிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் காலை சரியாகப் பத்து முதல் ஒரு மணி வரை ஒரு வெற்று வகுப்பறையில் உட்கார்ந்து மாதிரித்தாள் எழுதினேன். தண்ணீர் குடிக்காமல், எழுந்திருக்காமல். எழுதப் போகிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்வேன்: எந்த நேரத்தில் எந்த மாதிரி இடத்தில் எழுதப் போகிறீர்களோ அப்படியே பத்துத் தடவையாவது உட்கார்ந்து பாருங்கள்.

இன்னொன்று, தப்பு நோட்டு. மாதிரித்தாளில் தப்பான கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் ஏன் தப்பு என்று ஒரு வார்த்தை. இரண்டு மாதம் கழித்துப் புரட்டினால், தெரியாமல் விட்டது பாதிதான். மீதி எல்லாம் 'பொருந்தாதது எது' என்று கேட்டதைப் 'பொருந்துவது எது' என்று படித்தது, 57ஆம் கேள்விக்கான வட்டத்தை 58இல் கருக்கியது, இந்த மாதிரி. இதற்குப் புதிதாக ஒரு புத்தகமும் வாங்க வேண்டாம். அப்புறம், 25 கணக்குக் கேள்விகள். பத்தாம் வகுப்புத் தரம்தான். தினமும் பத்துக் கணக்குப் போட்டால் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். பொது அறிவு கடல், எவ்வளவு குடித்தாலும் தீராது. நேரம் இல்லாதவர்கள் முதலில் கணக்கையும் தமிழையும் பிடிக்க வேண்டும்.

2019 செப்டம்பர் 1 அன்று இரண்டாவது தேர்வு. 161 சரி. போதவில்லை. அடுத்த ஜனவரியில் அந்த மோசடிச் செய்தி வந்தது. ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதிய சிலர் மறையும் மையில் விடை குறித்து, பின்னால் விடைத்தாளை மாற்றியிருந்தார்கள். 99 பேருக்கு வாழ்நாள் தடை. நூலகத்தில் அன்று யாரும் படிக்கவில்லை. பேப்பரைச் சுற்றிக் கூட்டம். எனக்கு அப்பாவிடம் போய் இதைச் சொல்லப் பயமாக இருந்தது. இந்தத் தேர்வின் மேல் அவருக்கு இருந்த மரியாதை வேறு மாதிரி. அவர் அப்பா ஒரு பியூன் வேலைக்காக ஒருவர் வீட்டு வாசலில் மூன்று மாதம் நின்றவர். "எவன் கால்லயும் விழாம கிடைக்கிற ஒரே வேலை" என்று அப்பா சொல்வார். செய்தியைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கண்டுபுடிச்சுட்டாங்கல்ல? சரி, போய்ப் படி" என்றார்.

அப்பா சொன்னதை நான் இன்னும் நம்புகிறேன். இந்தத் தேர்வைத் திட்டுகிறவர்கள் பலரும் இதற்குப் பதிலாக என்ன என்று கேட்டால் "நேர்காணல் வைக்கலாம்", "ஆளைப் பார்த்து எடுக்கலாம்" என்கிறார்கள். ஆளைப் பார்த்து எடுத்தால் என்ன ஆகும் என்று அந்த ஃபைனான்ஸ் கம்பெனியிலேயே பார்த்துவிட்டேன். கருப்பு மையில் கருக்கிய வட்டத்துக்கு என் தெரு தெரியாது, அப்பா தொழில் தெரியாது, சட்டைக் காலர் கிழிந்தது தெரியாது. அந்த மூன்று மணி நேரம் நியாயமானது. அதற்கு முன்னால் போகிற மூன்று வருடத்தைப் பற்றித்தான் என் வழக்கு.

2020 மார்ச்சில் ஊரடங்கு. தறி நின்றது. அந்த வருடமும் அடுத்த வருடமும் குரூப் 4 தேர்வே நடக்கவில்லை. சூடு ஆறாமல் படித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் எப்போது தேர்வு என்று தெரியாது. உட்கார்ந்து சாப்பிட முடிந்த வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் திருப்பூருக்கும் ஓசூருக்கும் போய்விட்டார்கள். முன் வரிசைப் பெண்ணை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதப் போனேன், மாதம் 9,000.

அதுதான் எனக்கு நல்லதாகப் போனது என்பது பின்னால் தெரிந்தது. முழுநேரமாகப் படித்தபோது பத்து மணி நேரத்தில் நாலு மணி நேரம் பயம்தான். கைச்செலவுக்கு அம்மாவிடம் கேட்கிற கூச்சம், தெருவில் தலை காட்டக் கூச்சம். வேலைக்குப் போன பிறகு விடியற்காலை நாலரை முதல் ஏழரை வரை மூன்று மணி நேரம்தான் கிடைத்தது. ஆனால் அது மூன்று மணி நேரப் படிப்பு. யாராவது வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறேன் என்று வந்தால், கூலி குறைவானாலும் அரைநாள் வேலை ஒன்றைக் கையில் வைத்துக்கொள் என்றுதான் சொல்கிறேன். இன்னொன்றும் சொல்வேன்: இத்தனை வருடம் பார்ப்பேன் என்று கெடு வைக்காதே, இத்தனை தேர்வு பார்ப்பேன் என்று வை. வருடம் நம் கையில் இல்லை. 2019க்கும் 2022க்கும் நடுவில் மூன்று வருடம் காணாமல் போனதை நான் பார்த்தவன்.

இனி தங்கை. தறி ஓடும் வீட்டில் மனதுக்குள் படித்தால் ஏறாது. நான் கத்திப் படிப்பேன். அவள் தார் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஐஞ்சிறு காப்பியம் ஐந்தையும் நான் சொல்லும்போது நாலில் நின்றால் அங்கிருந்து ஐந்தாவது வரும். அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொல்வாள். "அண்ணா, நாககுமார காவியத்தை விட்டுட்ட." எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நாலைந்து வருடம் வேடிக்கையாகவே இருந்தது.

2022இல் அவளும் விண்ணப்பித்தாள். சும்மா எழுதிப் பார்க்கிறேன் என்றாள். ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. ஆடி பிறந்து ஒரு வாரம், தெருவில் ஸ்பீக்கர் கட்டியாகிவிட்டது. 7,301 இடம் என்று அறிவித்திருந்தார்கள், பிறகு 10,117 ஆக்கினார்கள். எழுதியவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். முடிவு வர எட்டு மாதம், 2023 மார்ச் 24 வரை. அந்த எட்டு மாதம் ஒரு தனிச் சித்திரவதை, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிற்காது. விட்டுவிடுகிறேன்.

எனக்கு 169 கேள்வி சரி. அவளுக்கு 152. தமிழ்ப் பகுதியில் மட்டும் நான் 91, அவள் 94.

அந்த 94ஐப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் ஒரு நாள்கூடப் புத்தகத்தைக் கையில் எடுத்து உட்காரவில்லை. காதால் கேட்டதில் 94. கணக்கு பேப்பரில் போட்டுப் பழக வேண்டியது, அதில்தான் அவளுக்குப் பாதி போனது. எங்கள் இருவருக்கும் நடுவில் 17 கேள்வி. அந்தப் பதினேழும் என் அறிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவை என் நேரம், அதுவும் அவள் கொடுத்த நேரம். எனக்கு வேலை கிடைத்தது. தெருவே வந்து சால்வை போட்டது. அவள் அன்றைக்கும் வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுத் தார் சுற்றப் போனாள்.

2023 கடைசியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். வேலை என்ன என்றால், வருகிற தபாலுக்கு எண் போட வேண்டும், தன்பதிவேட்டில் ஏற்ற வேண்டும், கோப்பில் குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். இதில் எதையும் குரூப் 4 கேட்கவில்லை. எல்லாமே சேர்ந்த பிறகு சொல்லிக்கொடுத்ததுதான். பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி, பிறகு துறைத் தேர்வுகள். அப்படியானால் அந்த மனப்பாடம் எல்லாம் எதற்கு என்று எங்கள் கண்காணிப்பாளரிடம் ஒருநாள் கேட்டேன். ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கிறவர், நிதானமாகப் பேசுவார். "மூணு வருஷம் அலுக்காம உட்கார்ந்த ஆளு, முப்பது வருஷம் கோப்பு முன்னாடி உட்காருவான்னு ஒரு நம்பிக்கை தம்பி" என்றார். அதில் விஷயம் இருக்கிறது. தமிழைப் பிழையில்லாமல் எழுதவும் அந்தப் படிப்பு உதவத்தான் செய்கிறது. ஆனால் அலுக்காமல் உட்காருவதைத்தான் சோதிக்க வேண்டுமென்றால், தார் இயந்திரத்தின் முன்னால் எட்டு வருடம் உட்கார்ந்தவளுக்கு எந்த வட்டத்தைக் கருக்குவது?

குடவோலை முறை எல்லோரும் மனப்பாடம் செய்கிற பாடம்தான். உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன், பத்தாம் நூற்றாண்டு. தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். நூலகத்தில் சிலர் விளையாட்டாகச் சொல்வதுண்டு, 160க்கு மேல் எடுத்த எல்லோர் பெயரையும் குடத்தில் போட்டுவிடலாம் என்று. 169க்கும் 165க்கும் வேலையில் ஒரு வித்தியாசமும் இருக்காது என்பது உண்மை. அந்தக் குடம் அந்த வகையில் நேர்மையானது. ஆனால் அந்தத் தகுதிப் பட்டியலையும் படித்தோமே. வரி கட்டுகிற கால் வேலி நிலம் (வேலி என்பது பழைய நில அளவு), சொந்த மனையில் வீடு, வேதம் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குடத்துக்குள் எங்கள் அப்பா பெயர் ஏறியிருக்காது. சீட்டுக் குலுக்குவதற்கு முன்பே யார் பெயர் குடத்துக்குள் போகிறது என்பதில்தான் எல்லாம் முடிந்துவிடுகிறது.

என்னைக் கேட்டால், தேதியை வருடா வருடம் மாற்றாமல் வைத்தாலே பாதிப் பேர் பிழைப்பார்கள். அரசு வகுப்பை இரவில் ஒன்று, ஞாயிறு ஒன்று என்று வைக்கலாம். மனப்பாடக் கேள்வியைக் குறைத்து, ஒரு கடிதம் எழுதச் சொல்லிப் பார்க்கலாம். பதினெட்டு லட்சம் கடிதத்தை யார் திருத்துவது என்று கேட்பீர்கள், அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதெல்லாம் மேலே முடிவாக வேண்டியவை. வீட்டில் முடிவாக வேண்டியது ஒன்று என் கையில் இருந்தது.

தங்கைக்கு 2023 ஆவணியில் கல்யாணம், கொண்டலாம்பட்டியில். மாப்பிள்ளை லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில். 2024 ஜூன் 9 தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தாள். அப்போது அவளுக்கு ஆறாவது மாதம், போகவில்லை. அந்தத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல், எழுதியவர்கள் 16 லட்சத்துக்கும் கீழ். வராதவர்களைப் பற்றி "சீரியஸ் இல்லாதவங்க" என்று எங்கள் ஆபீஸிலேயே ஒருவர் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதானால் சொல்லியிருப்பேன்.

2025 பொங்கலுக்கு அவள் குழந்தையோடு வந்திருந்தபோது ஒரு பேப்பரை எடுத்து வைத்து உட்கார்ந்தோம். ஒரு நாளில் அவள் செய்கிற வேலையெல்லாம் எழுதச் சொன்னேன். முப்பத்தொரு வரி வந்தது. எது மாப்பிள்ளை, எது அம்மா, எது நான் என்று பக்கத்தில் குறித்தோம். தேர்வுக்குத் தயாராகிற எவருக்கும் முதல் மெட்டீரியல் இந்தப் பேப்பர்தான் என்பேன். அட்டவணை போடுவதற்கு முன்னால் அந்த நேரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் யாரோ ஒருவரிடமிருந்து கேட்காமல் எடுக்கிறோம் என்று அர்த்தம். மாப்பிள்ளை ஊரில் இருக்கிற நாளில் சமையல் அவருடையது என்று ஆனது. அவர் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். "எனக்கு ரோட்டுல அடுப்பு மூட்டிப் பழக்கம்தான் மச்சான்" என்று முடித்துவிட்டார்.

மூன்று மாதம் அம்மா வீட்டில் தங்கினாள். மாலை ஆறரைக்கு நான் வந்து குழந்தையை வாங்கிக்கொள்வேன், ஒன்பதரை வரை அவள் படிப்பாள். அவள் அந்த நேரத்துக்குப் படிக்கப் போனதால் தாருக்கு ஆள் வேண்டியிருந்தது. நான் உட்கார்ந்தேன். முதல் நாள் சுற்றியதில் பாதித் தார் தறியில் ஏறியதும் சரிந்து சிக்கியது. அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். "கவர்மென்ட் வேலைக்குப் போனவன் கை இப்படித்தான் இருக்கும்" என்றார். இழுவிசை ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம், தங்கை கையைப் பிடித்துக் காட்டினாள். எனக்கு அது கடைசிவரை சரியாக வரவில்லை.

அவள் என்னைப் போல எல்லாவற்றையும் படிக்கவில்லை. தமிழ் ஏற்கெனவே இருந்தது. கணக்கு தினம் பத்து, பழைய வினாத்தாள் வாரம் ஒன்று, தப்பு நோட்டு. அதோடு தட்டச்சு. இதை நான் என் காலத்தில் அலட்சியம் செய்தேன். குரூப் 4இல் தட்டச்சர் பதவிகளும் வருகின்றன. அதற்குத் தொழில்நுட்பக் கல்வித் துறையின் சான்றிதழ் வேண்டும்: தமிழிலும் ஆங்கிலத்திலும், ஒன்றிலாவது ஹையர் என்கிற மேல் நிலை, மற்றதில் லோயர் போதும். இரண்டிலும் ஹையர் என்றால் முதல் முன்னுரிமை. பிப்ரவரி, ஆகஸ்ட் என்று வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. சான்று இல்லாத லட்சக்கணக்கானோர் அந்த வரிசையில் நிற்க முடியாது, அதனால் நெரிசல் குறைவு. அதைவிட, ஆபீஸில் உட்கார்ந்த முதல் நாளே பயன்படுகிற ஒரு கைத்தொழில் அது. மனப்பாடம் போல மூன்று மாதத்தில் மறக்காது. கல்யாணத்துக்கு முன்பே அவள் இரண்டு மொழியிலும் லோயர் முடித்திருந்தாள். பிப்ரவரியில் தமிழ் ஹையர் எழுதித் தேறினாள். நூல் முடிச்சுப் போட்ட விரல், மெஷினில் வேகமாகத்தான் ஓடியது.

2025 ஜூலை 12, சனிக்கிழமை. இந்த முறை 3,935 இடம்தான். மையம் ஊருக்குள்ளேயே ஒரு பள்ளி. ஒன்பது மணிக்கு உள்ளே போனாள். போகும்போது மூன்று முறை திரும்பிப் பார்த்தாள், என்னை இல்லை, என் தோளில் இருந்த குழந்தையை. வெளியே வேப்பமரத்தடியில் என்னைப் போல இன்னும் பத்துப் பேர் இருந்தோம். பாதிப் பேர் கையில் குழந்தை. பெரும்பாலும் பாட்டிகள், ஒன்றிரண்டு கணவன்மார்கள். அண்ணன் என்று நான் ஒருவன்தான். பத்தரைக்குக் குழந்தை அழ ஆரம்பித்தது. புட்டிப் பாலைத் துப்பியது. ஒரு பாட்டி வாங்கித் தோளில் போட்டுத் தட்டினார், தூங்கிவிட்டது. நான் எழுதியபோது வெளியே இப்படி ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. வெளியே வந்ததும் நேராக விடைக்குறிப்பு பேசப் போயிருப்பேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு வந்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டு, "பால் குடிச்சாளா?" என்றாள். அப்புறம்தான், "தமிழ் ரொம்பக் கஷ்டம்ணா, எல்லாரும் புலம்பிட்டுதான் வெளிய வந்தாங்க" என்றாள். வழியில் வண்டியை நிறுத்தி ஆளுக்கு ஒரு தட்டுவடை செட் வாங்கினோம். அவள் ஒரு பாட்டு வரியைச் சொல்லி, எந்த நூல் என்று கேட்டாள். நான் ரொம்ப நேரம் யோசித்து ஒன்றைச் சொன்னேன். அவள் வாய் நிறையத் தட்டுவடையோடு சிரித்தாள்.

"நல்லவேளைண்ணா, நீ ரெண்டாயிரத்து இருபத்திரண்டுலயே எழுதிட்ட."